ஒரு தடவைதான் கேட்டார்கள்

என்னை எந்த இடத்துக்குக் கொடுப்பது என்று இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசியதற்கு நான்தான் குறிப்பெடுத்தேன். கல்யாணப் பேச்சு இல்லை, ஹாக்கி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரான்பர்னில் எங்கள் கிளப் தலைவர் வீட்டு கராஜுக்குள் வெளியாள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் சம்பந்தம் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சம்பந்தம் பேசும்போதாவது பெண்ணைக் கொஞ்ச நேரம் உள்ளே போகச் சொல்வார்கள். என்னை அப்படியும் விடவில்லை. கிளப்பின் செயலாளர் நான். நான் எழுந்து போய்விட்டால் மினிட்ஸ் யார் எழுதுவது?

எங்களுடையது சின்ன கிளப். மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து ஆடும் ஒரே ஒரு அணி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிக்கூடக் காலத்தில் மட்டை பிடித்தவர்கள் பாதி, இங்கேயே பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பாதி. ஆடிய பிரிவைச் சொல்ல வேண்டுமானால் மேலிருந்து எண்ணாதீர்கள், கீழிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும். கமிட்டி என்று மூன்று பேர். தலைவர் யாழ்ப்பாணத்து அங்கிள். அவர் மகள் ஒரு காலத்தில் எங்கள் அணியில் ஆடினாள். அவள் விட்டுவிட்டுப் போய் வெகு நாளாயிற்று, அவர் மட்டும் தலைவராகவே தங்கிவிட்டார். அவருக்கு ஹாக்கி தெரியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் யாரும் சொன்னதில்லை. பயிற்சியாளர் ஈப்போவிலிருந்து வந்த அண்ணன். அவருக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும், வாய்தான் கிடையாது. மூன்றாவது ஆள் நான். கிளாங்கில் பிறந்து, கிளேட்டனில் படிக்க வந்து, அங்கேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு ஒட்டிக்கொண்டவள்.

என்னிடம் ஒரு வித்தை இருந்தது. பெனால்டி கார்னர் கிடைத்தால் ஒருத்தி பந்தை உள்ளே தள்ளுவாள், இன்னொருத்தி நிறுத்துவாள், மூன்றாவது ஆள் கோலுக்குள் போடவேண்டும். அந்த மூன்றாவது ஆள் நான். நான் பந்தை அடிப்பதில்லை. மட்டையோடு ஒட்டி இழுத்து வந்து சுண்டிவிடுவேன். டிராக் ஃப்ளிக் என்பார்கள். கோல்கீப்பர் கையைத் தூக்குவதற்குள் வலை ஆடியிருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட இப்போது அந்த முழங்காலே இல்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பத்தொன்பது வயதில் மலேசியாவில் தேசிய இளையோர் பயிற்சிக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. அதே வாரத்தில் மெல்பர்னில் பல்கலைக்கழக அனுமதியும் வந்தது. "ஹாக்கி சோறு போடுமா?" என்று அம்மா ஒரு தடவை கேட்டார், நான் பெட்டி கட்டினேன். அதிலிருந்து மனசுக்குள் ஒரு கணக்குத் தீராமல் கிடந்தது. ஒரு பருவம், ஒரே ஒரு பருவம், மேல் பிரிவில் ஆடவேண்டும். டர்ஃப் என்கிற அந்த நீலச் செயற்கைப் புல்தரையில், கூட்டத்துக்கு முன்னால், ஒரு இறுதி ஆட்டம். எனக்கு இருபத்தொன்பது ஆகியிருந்தது, கால் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது. கெட்டுப்போனது அதனால்தான்.

அந்த வருடம் பருவம் பாதி ஓடியபோது இரண்டு பெரிய கிளப்கள் என்னைக் கேட்டன. இரண்டும் மேல் பிரிவில் கோப்பைக்குப் போட்டியில் இருந்தவை. ஒன்று கடற்கரைப் பக்கத்துக் கிளப், இன்னொன்று ஊருக்கு வடக்கே இருக்கும் கிளப். கடற்கரை கிளப்பின் பயிற்சியாளர் ஒரு வெள்ளைக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். ஒரு சனிக்கிழமை எங்கள் ஆட்டம் முடிந்ததும் வேலியோரமாக வந்து நின்று நேராக என்னிடமே கேட்டார். எங்களோடு வந்து ஆட விருப்பமா?

மனசு அப்போதே வேலியைத் தாண்டிவிட்டது. வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "எங்கள் பிரசிடென்டைக் கேளுங்கள். அவர் முடிவுதான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் கிளப்பை விட்டுவிட்டு ஓடத் துடிக்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது, பெரியவர்களைத் தாண்டிப் பேசுகிறவள் என்று பெயர் வந்துவிடக் கூடாது. நல்ல பெண்ணாக இருப்பதில் எனக்கு இருந்த தேர்ச்சி டிராக் ஃப்ளிக்கில்கூட இல்லை. அவர் சரி என்று அங்கிளின் எண்ணை வாங்கிக்கொண்டு, தன் எண்ணையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடவேண்டும். எங்கள் ஹாக்கியில் கிளப்கள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதெல்லாம் கிடையாது. ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்பினால் ஆடுகிறவளே இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும், பழைய கிளப் அதற்குச் சம்மதம் கொடுக்கவேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள். அவ்வளவுதான். சம்மதம் கொடுக்கும் பக்கத்தின் கடவுச்சொல்லும் செயலாளராகிய என்னிடம்தான் இருந்தது. ஆனால் அங்கிள் தொலைக்காட்சியில் ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, செய்தி பார்ப்பவர். அங்கே ட்ரேட், ட்ரேட் என்று மாதக்கணக்கில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எங்களுக்கும் ஒரு ட்ரேட் வந்துவிட்டது என்று பூரித்துப்போனார். அடுத்த நாளே கமிட்டியைக் கூட்டினார்.

கராஜில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அங்கிளின் மனைவி, அன்ரி, குசினியிலிருந்து தலையை நீட்டினார்.

"பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"வேணாம் அன்ரி, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

"அது எப்பவோ குடிச்சது. கொஞ்சம் குடியும்."

"ஐயோ, வேணாம் அன்ரி. உங்களுக்கு ஏன் சிரமம்?"

"என்ன சிரமம்? ஊத்திப் போட்டன்."

குடித்தேன். காலையிலிருந்து ஒரு வாய் தேநீர் குடிக்கவில்லை, உயிரே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் மூன்றாவது தடவைக்கு முன்னால் வாங்கிக்கொள்வது பழக்கமில்லை. கிளாங்கிலும் அப்படித்தான், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். பேச்சுத் தமிழில் எங்களுக்குள் ஆயிரம் வித்தியாசம். ஆமாவுக்கு அவர்கள் ஓம் என்பார்கள், பேசினேன் என்று நாங்கள் சொன்னால் திட்டினேன் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்வதில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

அங்கிள் தொடங்கினார். "தம்பி, முதல்ல இடங்களைப் பற்றிச் சொல்லும். எந்த இடத்துக்குக் குடுக்கலாம்?"

கொடுக்கலாம் என்று காதில் விழுந்ததும் நான் தலையைத் தூக்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. 'இரு கிளப்களின் நிலை ஆராயப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

அண்ணன் ஆட்டக்காரர்போலப் பேசினார். அதற்கு அவரை நான் குறை சொல்லமாட்டேன். "கடற்கரை டீம்ல மிட்ஃபீல்ட் ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். ஒவ்வொரு மேட்ச்லயும் பெனால்டி கார்னர் நெறைய எடுக்கறாங்க. உள்ள போடத்தான் ஆள் இல்ல. அதாலதான் போன வருசம் செமி ஃபைனலோட நின்னாங்க. இவ போனா அவங்கதான் சேம்பியன் லா."

"வடக்குப் பக்கம்?"

"அங்க ஃப்ளிக் அடிக்க ஏற்கனவே ஒருத்தி இருக்கா. சின்ன பொண்ணு, நல்லா அடிப்பா. அவளுக்கு அடிபட்டா இருக்கட்டுமேன்னுதான் இவளக் கேக்கறாங்க. பெஞ்ச்ல உக்கார வச்சிருவாங்க."

எனக்கு எழுந்து அவர் காலில் விழலாம்போல இருந்தது. நான் மனசுக்குள் போட்ட கணக்கும் அட்சரம் பிசகாமல் அதுவேதான். எனக்குப் பந்து கொண்டுவந்து தரக்கூடிய அணி கடற்கரை அணி. அவர்களுக்குக் கோல் போடக்கூடிய ஆள் நான். இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது.

அங்கிளின் கணக்கு வேறு. அவர் விரல் விட்டு எண்ணினார். கடற்கரைக்காரர்கள் பயிற்சி முடிந்ததும் பப்புக்குப் போகிறவர்களாம், அது ஒரு குறை. வடக்கு கிளப் தூரம், போக ஒன்றேகால் மணி நேரம், பிள்ளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வரவேண்டும், அது ஒரு குறை. பிறகு பதிலுக்கு என்ன வரும் என்ற பேச்சு. வடக்கு கிளப் ஒரு கோல்கீப்பரைத் தருவதாகச் சொல்லியிருந்தது. எங்கள் கோல்கீப்பர் பிள்ளை உண்டாகியிருந்தாள், அடுத்த மாதத்தோடு நின்றுவிடுவாள், ஆகவே அது பெரிய விஷயம். கடற்கரை கிளப் இரண்டு இளம் ஆட்டக்காரிகளைப் பருவம் முடியும்வரை அனுப்புவதாகவும், புதன்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தங்கள் டர்ஃபை எங்களுக்கு விடுவதாகவும் அங்கிளிடம் தொலைபேசியில் கோடி காட்டியிருந்தது.

டர்ஃப் என்றதும் அண்ணனின் கண் விரிந்தது. நாங்கள் பயிற்சி செய்தது ஒரு பள்ளிக்கூடத்தின் மேடுபள்ளமான புல்வெளியில். பந்து எங்கே துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. "ஒன்றரை மணி நேரம் டர்ஃப் கெடச்சா டீமே மாறிரும் அங்கிள்," என்றார். நான் எழுதிக்கொண்டேன். ஒரு மனுசிக்கு ஈடு ஒன்றரை மணி நேரம். அதை எழுதவில்லை, 'மைதான வசதி பற்றிப் பேசப்பட்டது' என்றுதான் எழுதினேன். என்னைப் பற்றி எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'வீராங்கனை' என்று போட்டேன். யாரோ ஒருத்தியின் விவகாரம்போல இருந்தது.

அன்ரி வடைத் தட்டோடு வந்தவர், தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "எல்லாம் சரி, பிள்ளையைக் கேட்டனீங்களோ?"

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "ஓம், அதுவும் சரிதான். நீர் என்ன சொல்லுறீர் பிள்ளை?"

வாசல் திறந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் உள்ளே நுழைவதுதான். கடற்கரை, அங்கிள், எனக்குக் கடற்கரைதான் வேண்டும், இந்த ஒரு பருவத்துக்காக நான் பத்து வருடம் காத்திருக்கிறேன். வார்த்தைகள் வரிசையாக நின்றன. நான் பேனாவை மூடி, திறந்து, மூடினேன்.

"நீங்க பெரியவங்க பாத்து முடிவு பண்ணுங்க அங்கிள். உங்க இஷ்டம்."

"பாத்தீரோ?" என்றார் அங்கிள் அன்ரியிடம், என்னை அவரே வளர்த்தவர்போல. அன்ரி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனார். 'வீராங்கனைக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்தில், என்னைப் பற்றி, நானே எழுதிய பொய் அது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடற்கரை என்று முடிவானது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அங்கிள் சொன்னார்:

"ஆனா தம்பி, நாங்கள் பொம்பிளைப் பகுதி. கேட்ட உடன ஓம் எண்டு பாயக்கூடாது. முதல்தரம் ஏலாது எண்டு சொல்லுவம். அவை திருப்பிக் கேப்பினம். அப்ப யோசிக்கிறம் எண்டு சொல்லுவம். மூண்டாந்தரம் வருவினம், அப்ப கோல்கீப்பரும் வேணும் எண்டு நிப்பம்."

"வெள்ளக்காரங்கிட்ட இதெல்லாம் எடுபடுமா அங்கிள்?" என்று அண்ணன் இழுத்தார்.

"எந்த நாட்டு மனிசனும் மனிசன்தான் தம்பி."

அங்கேயே, எங்கள் முன்னாலேயே, தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். அந்தப் பயிற்சியாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு அழகான ஆங்கிலத்தில் பேசினார். இந்தப் பிள்ளை எங்களுக்கு மகள் மாதிரி. நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம். அவள் இங்கே மிகவும் சந்தோஷமாக இருக்கிறாள். அவளை அனுப்புவதை எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டு, இப்போது அவர் கெஞ்சவேண்டிய இடம் என்பதுபோல எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அந்தப் பக்கம் ஒரு கணம்கூட ஆகவில்லை. "நோ வொரீஸ்," என்றார் அந்த மனிதர். "கேட்டுப் பார்க்கலாமே என்றுதான் கேட்டேன். மீதி ஆட்டங்களுக்கு வாழ்த்துகள்." வைத்துவிட்டார்.

நான் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக்காரர்களோடு ஏழு வருடம் வேலை செய்தவள் நான். காபி வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்றால் தங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து குடிப்பார்கள். முதல் வருடம் முழுக்க இப்படியே காபி இல்லாமல் இருந்து பாடம் படித்தவள். அந்த நோ வொரீஸுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கராஜிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"திருப்பி எடுப்பினம் பாருங்கோ," என்றார் அங்கிள். "பிள்ளை, எழுதும். முதல் சுற்றுப் பேச்சு நல்லபடியா முடிஞ்சுது."

எழுதினேன்.

அந்த வாரம் கடற்கரையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. வடக்கு கிளப்பின் மேலாளர்தான் வந்தார், ஒரு பஞ்சாபிக்காரர். ஒரு பெட்டி இனிப்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். அங்கிள் ஏலாது என்றார், அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்டார். வியாழக்கிழமை மூன்றாவது தடவையாகத் தொலைபேசியில் கேட்டார். முறையென்றால் அதுவல்லவா முறை! "பண்பான மனிசன்," என்று அங்கிள் உருகினார். ஆனால் பெரிய இடம் வரப்போகும்போது சின்ன இடத்துக்கு எப்படிக் கொடுப்பது? அவரையும் அனுப்பிவிட்டார். அவர் கொண்டுவந்த லட்டு நன்றாக இருந்தது, எனக்கும் இரண்டு வந்தது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வுக்கூடத்து மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த நாள், இப்போதைய கிளப், போக விரும்பும் கிளப். எல்லாவற்றையும் நிரப்பினேன். அனுப்பு என்ற பொத்தான் பச்சை நிறத்தில் இருந்தது. அங்கிளைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், இன்னைக்குத்தான் கடைசி. அஞ்சு மணியோட முடிஞ்சிடும். நான் வேணும்னா அந்தக் கோச்சைக் கூப்பிட்டு..."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? நாங்களாப் போய்க் கேட்டா எங்கட மதிப்பு என்னாகிறது? பொறும் பிள்ளை. நாலரைக்குப் பாரும், எடுப்பினம்."

"சரி அங்கிள்," என்றேன்.

சரி அங்கிள். அவரை ஆயிரம் தடவை திட்டியிருக்கிறேன், குளிக்கும்போது, கார் ஓட்டும்போது, பிசியோதெரபிக்காரி காலை மடக்கும்போது. ஆனால் அந்தப் பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அங்கிள் இல்லை. கடற்கரை பயிற்சியாளரின் எண் என் பையில் இருந்தது. சம்மதம் கொடுக்கும் கடவுச்சொல் என் தலைக்குள் இருந்தது. விரலை அழுத்த எனக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. என்னைக் கொடுத்தால்தான் போவேன் என்று ஒரு பெண்ணுக்குள் யார் எழுதி வைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். அழாத பிள்ளையைத்தான் ஊர்முழுக்கப் புகழ்வார்கள், அதையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் தானாகவே சாம்பல் நிறமாகிவிட்டது. பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நான் கணினியை மூடிவிட்டு, கழுவ வேண்டிய குடுவைகளைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கடற்கரை கிளப் நெதர்லாந்திலிருந்து வேலை விடுமுறை விசாவில் வந்திருந்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதாகத் திங்கட்கிழமை செய்தி வந்தது. டிராக் ஃப்ளிக் அடிப்பவள். அவளிடம் அவர் கேட்டிருப்பார், அவள் ஆமாம் என்றிருப்பாள், அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"பண்பில்லாத சனம்," என்றார் அங்கிள். "ஒருக்காக் கேட்டிட்டு விட்டிட்டுப் போயிட்டினம்." அதோடு அவருக்கு விஷயம் முடிந்தது. முடிந்ததுகூட இல்லை, வெற்றியாகவே மாறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து கேரம் டவுன்ஸ் கோயிலில், பிராகாரத்தில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய கிளப்புகள் ரெண்டு வந்து எங்கட பிள்ளையைக் கேட்டவை. நாங்கள்தான் குடுக்கேல்லை." என்னைப் பார்த்ததும் கூப்பிட்டு, இவதான் அந்தப் பிள்ளை என்று காட்டினார். நான் கைகூப்பிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னையே அறையலாம்போல இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டர்ஃப் இல்லை, கோல்கீப்பர் இல்லை, இளம் ஆட்டக்காரிகளும் இல்லை. எங்கள் அணி ஒவ்வொரு வாரமும் தோற்றது. ஆகஸ்ட் மாதம் ஒரு பயிற்சியில், அந்தப் புல்வெளியின் ஒரு பள்ளத்தில், பந்தை இழுத்துக்கொண்டு திரும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். மண்டியிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு, "நா அன்னைக்கே சொல்லியிருக்கணும் மா," என்றார். எதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இருவருமே சொல்லாதவர்கள். மருத்துவர் இனி ஓடலாம், ஆனால் ஹாக்கி வேண்டாம் என்றார். ஒரு தடவைதான் சொன்னார், அதற்கு மேல் வற்புறுத்தவும் இல்லை.

செப்டம்பரில் இறுதி ஆட்டம். அன்றைக்கு உணவுக் கடை போடும் முறை ஒவ்வொரு வருடமும் ஒரு கிளப்புக்கு வரும், அந்த வருடம் எங்களுக்கு வந்திருந்தது. ஆகவே என் ஆசை பாதி நிறைவேறிற்று. இறுதி ஆட்டம், கூட்டம், நீல டர்ஃப், எல்லாவற்றையும் பார்த்தேன். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, அன்ரி பொரித்த ரோல்ஸ் தட்டுக்குப் பின்னால் நின்றபடி. பக்கத்தில் அன்ரி, கொஞ்சம் தள்ளி அங்கிள் சாஸ் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடற்கரை கிளப்தான் வென்றது. இரண்டு கோல், இரண்டும் பெனால்டி கார்னரில். நெதர்லாந்துப் பெண் நன்றாகத்தான் அடித்தாள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது தடவை அவள் பந்தைக் கொஞ்சம் தாமதமாக விட்டாள். நான் இன்னும் முன்னாலேயே விட்டிருப்பேன். இது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த, யாருக்கும் பயன்படாத ஒரு விஷயம்.

எல்லாம் முடிந்து, கழுத்தில் பதக்கத்தோடு அந்தப் பயிற்சியாளர் கடைக்கு வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். முழங்காலைப் பார்த்து முகம் வாடினார். உண்மையாகவே வாடியது. நான் ரோல்ஸ் தட்டை நீட்டி, ஒன்று எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

"கண்டிப்பாக," என்றார். கேட்டதும் எடுத்துக்கொண்டார். கடித்துவிட்டு, "அந்த வருடம் நீங்கள் வருவீர்கள் என்று ரொம்ப நம்பினேன். உங்கள் தலைவர் நீங்கள் அங்கேயே சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்," என்றார்.

அந்த வருடம் என்கிறார், மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜெயித்தவர்களுக்கு எல்லாம் சீக்கிரம் பழசாகிவிடும்.

"நீங்கள் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்," என்றேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கேட்ட முதல் நியாயம் அது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கேலி எதுவும் இல்லை அந்த முகத்தில், ஒன்றும் புரியாத முகம். "வேண்டாம் என்று சொன்ன பிறகு எப்படி மறுபடி கேட்பது? அது உங்களுக்கு மரியாதை இல்லையே."

இன்னொன்று தரட்டுமா என்று தட்டை நீட்டினேன்.

"வேண்டாம், போதும்," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்லிவிட்டு, தன் பெண்கள் பாடிக்கொண்டிருந்த பக்கம் போனார். நான் தட்டை இறக்கி வைத்தேன்.

பின்னாலிருந்து அன்ரி முழங்கையால் இடித்தார். "என்ன பிள்ளை நீர், வேண்டாம் எண்டு ஒருக்காச் சொன்ன உடன விட்டிட்டீர்? பாவம், ஓடித் திரிஞ்ச மனிசன், பசியாத்தான் இருந்திருக்கும். இன்னொருக்காக் கேட்டிருக்கலாமே."

அங்கிள் சாஸ் போத்தலோடு நிமிர்ந்து, "ஓம், அதுதானே," என்றார்.